பழைய வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நூறு வயதைத் தாண்டிய எங்கள் வீட்டில் இதைச் செய்து ஆறு வருஷம் ஆகிறது. ஐந்து பேர் உள்ள குடும்பம். அடுப்பங்கரையில் ஒருவர் நின்றால் மற்றவர் வாசலில் காத்திருக்க வேண்டும், அதனால் பின்பக்கம் நீட்டினோம். அலமாரி, டைல்ஸ் என்று மூன்று மாதம் பேசினோம். பழசும் புதுசும் ஒட்டுகிற இடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தொந்தரவெல்லாம் அங்கேதான் வந்தது.

முதலில் வெளிச்சம். பின்சுவரை உடைத்துத் தார்ப்பாய் கட்டிய அன்று, நடு அறையில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. வரைபடத்தில் இது தெரியாது. அதில் எல்லா அறையும் வெள்ளையாகத்தானே இருக்கும்! நல்லவேளை, கூரை இன்னும் போடவில்லை. புதுக் கூரையைப் பழைய சுவரில் முட்டவிடாமல், நடுவே இரண்டடி அகலத்துக்கு நீளமாகக் கண்ணாடி வைத்தோம். இப்போது பழைய செங்கல்மேல் வழிகிற வெயில் நடு அறை வரை வருகிறது. வரைபடத்துக்குச் சரி சொல்லும் முன் பின் ஜன்னலில் கனத்த போர்வையைக் கட்டிவிட்டு, உள்ளே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்து விரிசல். பழைய அஸ்திவாரம் எப்போதோ இறங்கி அடங்கிவிட்டது. புதுசு இனிமேல்தான் இறங்கும். நாங்கள் இரண்டு சுவரையும் செங்கல் கோத்து இறுக்கக் கட்டிவிட்டோம். முதல் மழைக்காலத்திலேயே தரையிலிருந்து கூரை வரை முடி கனத்தில் ஒரு கோடு. சிமென்ட் வைத்து அடைத்தோம், அடுத்த வருஷம் அதே கோட்டில் திரும்ப வந்தது. பிறகு வந்த பொறியாளர் அங்கே சின்ன இடைவெளி விட்டு, நெகிழ்கிற பொருளால் நிரப்பினார். அதோடு நின்றது.

அப்புறம் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது, ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எங்கள் பூச்சு முழங்கால் உயரத்துக்கு உப்பிக்கொண்டது, விரலால் தட்டினால் ‘டொக் டொக்’ என்றது. பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினோம். உங்கள் வீட்டில் மரத்தளம் இருந்தால் பின்சுவரின் அடியில் காற்றுத் துளைகள் இருக்கும். புதுத் தரை அவற்றை மூடிவிட்டால் தளத்தின் அடிக்கட்டைகள் உளுத்துப்போகும். புதுத் தரைக்கு அடியில் குழாய் பதித்து அந்தக் காற்றை வெளியே கொண்டுபோக வேண்டும்.

உங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம் என்றால் அனுமதி வாங்கிவிட்டுத்தான் ஒரு கல்லைக்கூடத் தொட வேண்டும்.

உள்ளே இரண்டு பேர் சேர்ந்து சமைப்பீர்களானால் மேடைகளுக்கு நடுவே 120 செ.மீ. விடுங்கள், 90 விட்டால் ஓவன் கதவைத் திறந்ததும் வழி அடைபடும். மேடை, மடக்கிய முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருப்பது வசதி. அம்மா குட்டை, நான் நெட்டை, அதனால் இரண்டு உயரத்தில் போட்டோம். பார்க்கக் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. ஆனால் இருவருக்கும் முதுகுவலி இல்லை.