நுண்ணுயிர் மின்கலச் சவ்வு: இந்த ஆய்வுக்கு வேலை உண்டா?

உங்கள் மகள் முதுகலை வேதியியல் ஆய்வுக்கு நுண்ணுயிர் எரிபொருள் மின்கலத்துக்கான பாலிமர் சவ்வை எடுத்திருக்கிறார். கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் விடும் எலக்ட்ரானை மின்சாரமாக எடுக்கும் கருவி அது; இரு மின்வாய்ப் பக்கங்களையும் பிரித்து, புரோட்டானைக் கடத்துவதே சவ்வின் வேலை. இதற்கு யார் வேலை தருவார்கள் என்று கேட்கிறீர்கள். நுண்ணுயிர் மின்கலம் என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடினால் வாய்ப்பு குறைவுதான். 1911-இலேயே பாட்டர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் நுண்ணுயிரிகளிடமிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டிவிட்டார். ஆனாலும் இத்துறை இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்தான் இருக்கிறது. சவ்வு வார்க்கவும் அளக்கவும் தெரிந்தவர் என்றால் கதை வேறு. ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலம், நீர் மின்னாற்பகுப்பு, ரெடாக்ஸ் ஃப்ளோ பேட்டரி (திரவக் கரைசல்களில் மின்னாற்றலைச் சேமிப்பது), உப்பு நீக்கம் எல்லாவற்றுக்கும் அதே கைவேலைதான்.

அந்தக் கைவேலை என்ன? கடையில் கிடைக்கும் புரோட்டான் கடத்தும் சவ்வான நாஃபியான் விலை அதிகம் என்பதால் பலரும் பீக் (PEEK) என்ற உறுதியான பாலிமரை அடர் கந்தக அமிலத்தில் கலக்கி, சல்ஃபோனேற்றம் செய்து (புரோட்டானைக் கடத்தும் அமிலக் குழுக்களைச் சேர்த்து), பனிநீரில் மெல்லிய இழையாக ஊற்றுகிறார்கள். பிறகு கழுவும் நீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவ வேண்டும். மாணவர்கள் பொறுமை இழக்கும் இடம் இதுதான். அமிலம் மிஞ்சினால் அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது ஒரு கிராம் சவ்வில் உள்ள அமிலக் குழுக்களின் அளவு, பொய்யாக உயரும். உலர்ந்த பாலிமரை என்எம்பி (NMP) என்ற கரிமக் கரைப்பானில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் வார்ப்பார்கள்; அவசரமாகச் சூடேற்றினால் குமிழி விழும், தட்டு சமமில்லாவிட்டால் தடிமன் மாறும். என்எம்பி கருவளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. புகைபோக்கி அறை ஒழுங்காக இயங்குகிறதா என்று நீங்களே கேளுங்கள்.

அயனிப் பரிமாற்றத் திறனை அளப்பது எளிது. 0.2 கிராம் உலர் சவ்வை 1 மோலார் உப்புக் கரைசலில் 24 மணி நேரம் ஊறவைத்து, வெளிவந்த அமிலத்தை 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்க (டைட்ரேஷன் செய்ய) வேண்டும். 30 மி.லி. செலவானால் கிராமுக்கு 1.5 மில்லி ஈக்விவலன்ட். நாஃபியானுக்கு ஏறத்தாழ 0.9. எண் பெரிதானால் சவ்வு நல்லது என்று துள்ள வேண்டாம்: சல்ஃபோனேற்றம் கூடக் கூட நீரில் ஊதி, கிழிந்துவிடும்.

இன்னொரு பொறி உண்டு. அமிலத்தில் அளந்த புரோட்டான் கடத்துதிறன் பிரமாதமாக இருக்கும், மின்கலத்தில் போட்டால் சோர்ந்துவிடும். நடுநிலைக் கழிவுநீரில் சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் அயனிகள் புரோட்டானைவிட லட்சம் மடங்கு வரை அதிகம். அவையே சவ்வைக் கடக்க, நுண்ணுயிரிகள் வாழும் ஆனோடு பக்கம் அமிலமாகும், எதிர்மின்வாயான கேத்தோடு பக்கம் காரமாகும். போதாக்குறைக்கு, சவ்வு வழியாக ஆக்சிஜன் கசிந்தால் நுண்ணுயிரிகள் எலக்ட்ரானை மின்வாய்க்குக் கொடுக்காமல் அதற்கே கொடுத்துவிடும்.

ஆகவே சேரும் முன் வழிகாட்டியிடம் இரண்டு கேள்விகள். மின்மறுப்பு (மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சவ்வு காட்டும் தடை) அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவி சொந்த ஆய்வகத்திலேயே இருக்கிறதா? ஒவ்வொரு சவ்வுக்கும் மூன்று மின்கலங்களாவது ஓட்ட இடம் உண்டா? நுண்ணுயிர் படிந்து மின்னழுத்தம் நிலைக்க வாரங்கள் ஆகலாம். அதனால் முதல் மாதமே நாஃபியான் 117 என்ற வகைச் சவ்வை வைத்து ஒப்பீட்டு மின்கலங்களைத் தொடங்கிவிட்டு, தன் சவ்வை இணையாக வார்க்கட்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஆய்வுத் தலைப்புக்கு மேலே வார்ப்பு, தரம் பார்த்தல், மின்மறுப்பு அளவீடு மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.