தலையைத் தூக்கி எழ வேண்டாம், அடிவயிற்றை மெல்ல எக்கினால் போதும்

கேள்வி: எனக்கு 41 வயது. இரண்டு பிரசவமும் சிசேரியன். இளையவனுக்கு இப்போது 9 வயதாகிறது. பெரம்பூரிலிருந்து அடையாறு அலுவலகத்துக்கு 29சி பேருந்தில் போய்வருகிறேன். அங்கே நாள் முழுவதும் நாற்காலிதான். மாலையானால் இடுப்பு வலிக்கிறது; தண்ணீர் கேனைத் தூக்கவே பயமாக இருக்கிறது. எலும்பில் கோளாறு இல்லை, வயிற்றின் உள் தசைகள்தாம் பலவீனமாக இருக்கின்றன என்று மருத்துவர் சொன்னார். யூடியூபைப் பார்த்து சிட்-அப் செய்ததில் கழுத்து வலிதான் மிச்சம். வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய பயிற்சிகளைச் சொல்வீர்களா? தொப்பையும் குறையுமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. அது உணவாலும், நடை போன்ற முழு உடல் உழைப்பாலும் குறைய வேண்டியது. உள் தசை உறுதிப்பட்டால் தளர்ந்து முன்தள்ளி நிற்கும் வயிறு ஓரளவு உள்ளே அமையும். அதைவிட முக்கியமாக, உங்கள் இடுப்புக்கு ஒரு நல்ல துணை கிடைக்கும். அந்த எதிர்பார்ப்போடு தொடங்கினால் ஏமாற்றம் இராது.

சிட்-அப் செய்யும்போது பெரும்பாலும் வேலை செய்பவை வயிற்றின் முன்பக்கத்தில் நெடுக்காக ஓடும் மேல் தசையும், தொடையை மடக்கும் தசைகளும்தாம். உங்கள் மருத்துவர் குறிப்பிட்டது அவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் குறுக்குத் தசையை. மருத்துவத்தில் டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் என்பார்கள். பிள்ளை பெற்றவளின் வயிற்றைச் சுற்றி நம் பாட்டிமார் இறுக்கிக் கட்டிவிடும் துணியைப் போல, இது கீழ் விலா எலும்புகளுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே, முதுகுப்புறத்திலிருந்து முன்வயிறு வரை உடலைக் குறுக்காகச் சுற்றி வருகிறது. மேலே மூச்சை இயக்கும் உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள் ஆகியவற்றோடு சேர்ந்து இது முதுகெலும்புக்கு உள்ளிருந்து தாங்கல் தருகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நலமாக இருப்பவர்கள் கையை உயர்த்தும்போது, கை அசைவதற்குச் சற்று முன்பே இந்தத் தசை இறுகிவிடுவதையும், நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களுக்கு அது தாமதமாக இறுகுவதையும் கண்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகளோ, இடுப்பு வலிக்கு இந்தத் தசைக்கான பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளைவிடப் பெரிதாக மேலானதன்று என்றே காட்டுகின்றன. ஆகவே இதை மட்டும் நம்பி நடைப்பயிற்சியை விட்டுவிடாதீர்கள். ஜிம்முக்குப் போகாமல், கழுத்தை வருத்தாமல் தொடங்குவதற்கு இது நல்ல வழி என்பதால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் பயிற்சியைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் இதன் மேல் எழுபவை. தரையில் பாய் விரித்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்கள் தரையில் பதியும்படி மல்லாந்து படுங்கள். இடுப்பின் முன்புறம் இரு பக்கமும் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, சற்றே கீழே, விரல் நுனிகளை மெல்ல அழுத்தி வையுங்கள். மூச்சை இயல்பாக இழுத்து, வெளியே விட்டபடியே தொப்புளுக்குக் கீழுள்ள அடிவயிற்றை மட்டும் மெதுவாக உள்ளே எக்குங்கள். சிறுநீரை அடக்குவது போன்ற ஒரு சிறு இறுக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் பலருக்கு எளிதில் பிடிபடும். விரலுக்கடியில் தசை மெல்ல விறைப்பதை உணர்வீர்கள். தசை திடீரென்று புடைத்து விரலை மேலே தள்ளினால், அளவுக்கு மீறி முயல்கிறீர்கள் என்று பொருள். வெளித் தசைகள் முந்திக்கொண்டுவிட்டன. முழு பலத்தில் கால்பங்கு கூடத் தேவையில்லை. விலா தூக்கிக்கொள்ளக் கூடாது, முதுகு தரையில் அழுந்தக் கூடாது, மூச்சு நிற்கவே கூடாது. எக்கிய நிலையிலேயே சாதாரணமாகப் பேச முடிய வேண்டும். தொடக்கத்தில் 5 விநாடி பிடித்தால் போதும். நாளடைவில் 10 விநாடி வீதம் 10 முறை என்று உயர்த்துங்கள். யோகத்தில் மூச்சை முழுதும் வெளியேற்றிவிட்டு வயிற்றை ஒட்ட வைக்கும் உட்டியாண பந்தம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இது கைவந்த பிறகு, அதே எக்கலைத் தளரவிடாமல் ஒரு குதிகாலைத் தரையோடு மெதுவாகச் சறுக்கிக் காலை நீட்டி, மறுபடி மடக்குங்கள். இடுப்பு ஆடாமல் இருப்பதுதான் இதில் தேர்வு. அடுத்து, குழந்தை தவழ்வதுபோல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகு சமமாக இருக்க, வலக்கையை முன்னேயும் இடக்காலைப் பின்னேயும் நீட்டிச் சில விநாடிகள் நிறுத்துங்கள். பின்பு மாற்றிச் செய்யுங்கள். முழங்கால் உறுத்தினால் அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்தும் பிளாங்க் போன்றவற்றுக்கு இப்போது அவசரமில்லை.

பாயில் கற்றதை அன்றாட வேலைக்குள் கொண்டுவந்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை அடிவயிற்றை இலேசாக எக்கி நில்லுங்கள். அலுவலகத்தில் அரைமணிக்கு ஒரு முறை எழுந்து நாலடி நடங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. அதை எட்டி நின்று குனிந்து தூக்காதீர்கள். கேனை ஒட்டி நின்று, கால்களை அகற்றி, முழங்காலை மடக்கி இறங்கி, உடம்போடு அணைத்துக்கொண்டு, அடிவயிற்றை எக்கி, மூச்சை விட்டபடியே எழுந்திருங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருகக் கூடாது. பாதத்தைத் திருப்பித்தான் திரும்ப வேண்டும். இடுப்பு தேறும் வரை கேனைக் கவிழ்ப்பதை வீட்டில் வேறொருவரிடம் விடுங்கள், அல்லது கேனுக்கு ஒரு பம்ப் வாங்கிப் பொருத்திவிடுங்கள். காலையில் எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்துப் படுத்துக் கையை ஊன்றி எழுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்த இந்த முறை வயிற்றுக்கும் முதுகுக்கும் நல்லது.

உங்களுக்குப் பிரசவம் ஆகி ஆண்டுகள் பல கடந்திருந்தாலும், முன்வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியே இருக்கக்கூடும். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் இலேசாக உயர்த்தும்போது வயிற்றின் நடுக்கோட்டில் மேடாகப் புடைத்தால், அல்லது அறுவைத் தழும்பின் அருகே இருமும்போது கட்டிபோல் ஏதேனும் வெளித்தள்ளினால், பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முதல் பயிற்சியைச் சரியாகச் செய்கிறோமா என்ற ஐயம் பலருக்கும் வருவது இயல்பு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவிலோ, கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலோ ஒருமுறை நேரில் செய்துகாட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வாரத்தில் ஐந்து நாளேனும் செய்துவாருங்கள். இரண்டு மூன்று மாதங்களில் மாற்றம் தெரியும். இடையில் வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, அமரும் இடத்தைச் சுற்றி உணர்வு குன்றினாலோ, மறுநாள் வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.