அவர் கொழும்பு என்கிறார், நான் கல்லாறு என்கிறேன்

கேள்வி:

வணக்கம். என் ஊர் மட்டக்களப்பு மாவட்டத்தில் கல்லாறு. வயது முப்பத்தாறு, ஆரம்பப் பிரிவு ஆசிரியை. கணவர் திருக்கோவில் பக்கம் பிறந்தவர். கொழும்பில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை, வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறார். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி விடியப்புறம் வந்து இறங்குவார். பாதி நாள் நித்திரை. ஞாயிறு பின்னேரம் திரும்பவும் பேக்கைத் தூக்க வேண்டும்.

"இப்படியே எவ்வளவு காலம், நீங்களும் அங்க வாங்க" என்று கொஞ்சக் காலமாகக் கேட்கிறார். மகள் நாலாம் வகுப்பு. நல்ல பள்ளிக்கூடம், பெரிய ஆஸ்பத்திரி, நாளைக்கு அவள் படித்து முடித்தாலும் வேலை அங்கேதான் என்பது அவர் கணக்கு. எனக்கு இங்கே இருப்பது அம்மா தந்த சீதன வீடு. 2004 சுனாமியில் சுவர் விழுந்து மறுகா கட்டியது. அம்மா அதே வளவில் சின்ன வீட்டில் இருக்கிறா, சீனி வருத்தம். காலையில் மீன் வாசலுக்கே வரும். மகள் தன்பாட்டில் சைக்கிளில் போய் வருகிறாள். கொழும்பில் வாடகைக்கே என் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும்.

மெல்பேர்னில் இருக்கும் மச்சாள் வேறு, "உலகத்தில் வாழச் சிறந்த நகரங்கள்" என்று வீடியோவாக அனுப்பிக்கொண்டிருக்கிறா. அதைப் பார்த்து நானும் ஒரு கொப்பியில் இரண்டு ஊருக்கும் புள்ளி போட்டேன். ஒரு நாள் கல்லாறு வெல்கிறது. மாரி மழைக்கு வளவில் தண்ணீர் நின்றால் கொழும்பு. அவர் பஸ் ஏறிப் போன ஞாயிறு இரவு போட்டால் அதுவும் கொழும்புதான். நித்திரை குறைந்து, வகுப்பில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். சிறந்த இடம் எது என்று எப்படித்தான் முடிவெடுப்பது?

— பெயர் வேண்டாம், கல்லாறு

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் மச்சாளின் வீடியோக்களை ஒதுக்கிவிடுவோம். இந்தப் பட்டியல்களில் பிரபலமானது எக்கொனமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு வெளியிடுவது. உறுதிநிலை, சுகாதாரம், பண்பாடும் சுற்றாடலும், கல்வி, உட்கட்டமைப்பு என்று ஐந்து தலைப்பில் 173 நகரங்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். 2022 தொடக்கம் 2024 வரை வியன்னா முதலிடம், 2025 இல் கோபன்ஹேகன். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியருக்கு மேலதிகமாக எவ்வளவு கொடுப்பது என்று கம்பெனிகள் பார்ப்பதற்கும் இந்தப் புள்ளிகள் உதவுகின்றன. உங்களுக்குத் தெரிந்த கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு மாதிரித்தான். பெற்ற தாயோடு ஒரே வளவில் இருப்பதற்கு அதில் புள்ளி கிடையாது.

உங்கள் கொப்பி மாறி மாறிச் சொல்வதில் வியப்பில்லை. 1998 இல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவிலும் அமெரிக்காவின் மத்திய மேற்கிலும் படித்த ஏறத்தாழ 2000 மாணவர்களிடம் கேட்டார்கள். கலிபோர்னியாக்காரர்தான் கூடுதல் திருப்தியாக இருப்பார்கள் என்றே இரண்டு பக்கமும் நினைத்தது. காரணம், நல்ல வெயில், நல்ல காலநிலை. ஆனால் தங்கள் சொந்த வாழ்க்கை எப்படி என்று சொன்னபோது இரு பக்கத்துத் திருப்தியும் ஒன்றுதான். இரண்டு ஊரை ஒப்பிடும்போது வித்தியாசமான ஒன்று கண்ணில் பட்டு, மனம் அதையே ஊதிப் பெருக்கிவிடுகிறது. வளவில் தண்ணீர் நிற்கும் நாளில் உங்களுக்கு அது தண்ணீர். ஞாயிறு இரவில் அது காலிக் கட்டில்.

இந்த இரண்டில் தண்ணீர் வடிந்துவிடும். பயணம் அப்படியில்லை. வேலைக்குப் போக நெடுநேரம் செலவிடும் ஜேர்மனியர்களின் பதில்களை ஷ்டுட்சர், ஃப்ரை என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2008 இல் எழுதினார்கள். பயண நேரம் கூடக் கூடத் திருப்தி குறைகிறது, சம்பளமோ வீடோ அதை ஈடுசெய்வதாகத் தெரியவில்லை என்பது அவர்கள் கண்டது. அது தினமும் போய் வருகிறவர்களைப் பற்றியது. உங்கள் கணவருக்கு ஒரு தடவைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் இருந்தபடியே நித்திரை. அந்த உடம்போடு பேசித்தான் இருவரும் எதிர்காலத்தை முடிவு செய்யப் பார்க்கிறீர்கள்.

சரி, இனி எனக்கு முக்கியமாகப் பட்டதைச் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் எழுவான்கரையில் கலியாணம் என்றால் வீடு மாறுகிறவர் ஆண். பெண்பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு அத்திவாரம் போட யோசிக்கிற ஊர்கள் நம்முடையவை. அந்த வழக்கம் பெண்ணுக்குத் தரும் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், இலங்கையின் வேறு பல பகுதிகளில் பெண்களுக்கு அது வாய்ப்பதில்லை. ஆனால் உங்கள் கணவர் ஏற்கெனவே ஒருமுறை ஊர் விட்டவர். திருக்கோவிலை விட்டு, மனைவியின் தாய் கட்டிய வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். ஒரு ஆணி அடிப்பதென்றாலும் மாமியின் முகம் பார்த்திருக்கக் கூடும். அவர் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று சொல்வதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். அவற்றுக்கு அடியில் "எனக்கென்று ஒரு வீடு" என்ற ஆசை இருக்கிறதா என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? இருந்தால், நீங்கள் எத்தனை புள்ளி போட்டாலும் அவருடைய கணக்கு தீராது. கல்லாற்று வீட்டிலேயே அவர் விருப்பப்படி ஒரு அறை எடுத்துக் கட்டினால் பாதி பேச்சு அடங்கிவிடவும் கூடும். கேட்காமல் நாமாக ஊகிக்க வேண்டாம்.

அம்மா என்ன நினைக்கிறா என்பதும் கடிதத்தில் இல்லை. "நீங்க போனா நான் எங்க போறது" என்று சொல்வா என்று நீங்களே தீர்மானித்திருக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு நேரத்துக்கு மாத்திரையும், கால் புண்ணைக் கவனிக்க ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆள் நீங்களாகத்தான் இருக்க வேண்டுமா, அயலில் இருக்கும் சொந்தக்காரர் முடியுமா, அம்மாவும் கூட வருவாவா என்று அவவையும் இருத்தி வைத்துப் பேசுங்கள்.

அப்புறம், வருகிற டிசம்பர் விடுமுறையில் மகளோடு போய் வெள்ளவத்தையில் இருந்து பாருங்கள். காலிமுகத்திடல், மிருகக்காட்சிசாலை எல்லாம் வேண்டாம். சந்தைக்குப் போங்கள், பஸ்ஸில் நெரிபடுங்கள். கணவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், வந்தபின் பேசுகிற நிலையில் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் கொழும்பு வேலையில் இருந்து ஏழு மணிக்கு வந்து எட்டரைக்குப் படுப்பவர் என்றால், கூட இருப்பது என்பதன் அளவு அவ்வளவுதான். அதேபோல் கோயில் சடங்கு இல்லாத ஒரு சாதாரண கிழமை அவர் லீவு போட்டுக் கல்லாற்றில் நிற்கட்டும்.

மகள் அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவாள். அந்த வருடத்தில் பள்ளியை மாற்ற நான் சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்புக்கு எப்படியும் பல பிள்ளைகள் பள்ளி மாறுகிறார்கள், போவதென்றால் அதுதான் வாய்ப்பான நேரம். உங்கள் மாகாணம் விட்டு மாகாணம் இடமாற்றத்துக்கும் காலம் எடுக்கும். ஆகவே அவகாசம் இருக்கிறது, இன்றிரவே முடிவெடுக்க வேண்டியதில்லை. கொப்பியை அலுமாரிக்குள் வையுங்கள். நித்திரையின்மை இன்னும் சில கிழமைகள் நீடித்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

போவதென்றே முடிவானாலும் வீட்டை விற்காதீர்கள், ஈடும் வைக்காதீர்கள். முதல் வருடம் பூட்டியோ, நம்பிக்கையான ஒருவருக்கு வாடகைக்கோ விட்டுவிட்டுப் போங்கள்.