எக்ஸ்ரே பயம்: ரேடியோகிராபரிடம் கேளுங்கள்

ஈரோட்டிலிருந்து ஒருவர்: ஒரே மாதத்தில் அப்பாவுக்கு 2 முறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் வருமா?

பயப்படாதீர்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட் (உடம்பில் விழும் கதிரை அளக்கும் அலகு). மண், காற்று, சோறு, வானம் என்று எல்லாவற்றிலிருந்தும் ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம் உடம்பில் விழுகிறது. அந்தக் கணக்கில் ஒரு படம் என்பது 3 நாள் வாழ்க்கை. தோரியம் கலந்த மணல் உள்ள மணவாளக்குறிச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த இயற்கைக் கணக்கே கூடுதல்.

உள்ளே நடப்பது இதுதான். கதிர் எலக்ட்ரானைத் தட்டிவிடும், செல்லில் உள்ள தண்ணீர் மூலக்கூறு உடையும், அந்தத் துண்டுகள் டிஎன்ஏ இழையை அறுக்கும். ஒரு இழை அறுந்தால் செல் தானே சரிசெய்துகொள்ளும். டிஎன்ஏவின் இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் தப்பாக ஒட்ட வாய்ப்புண்டு. அந்தத் தப்பு தங்கினால்தான் பல ஆண்டு கழித்துத் தொல்லை. அளவு குறையக் குறைய வாய்ப்பும் குறையும்.

வயிற்று சிடி ஸ்கேன் வேறு கதை: 8 முதல் 10 மில்லிசீவர்ட். அதனால் பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டு போங்கள், இன்னொரு முறை எடுக்காமல் தப்பிக்கலாம்.

ஒரு சகோதரி: கர்ப்பம் என்று தெரியாமல் பாதத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். கலைக்கச் சொல்கிறார்கள்.

யார் சொன்னாலும் அதற்காகக் கலைக்காதீர்கள். பாதத்தில் விழுந்த கதிர் கருப்பைக்குக் கிட்டத்தட்ட வருவதே இல்லை. கருவுக்குக் கவலைப்பட வேண்டிய அளவு 100 மில்லிகிரே (இதுவும் கதிர் அளவின் அலகுதான்) என்கிறார்கள், நீங்கள் அதன் பக்கத்திலேயே இல்லை. மகப்பேறு டாக்டரிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.

எம்ஆர்ஐ எடுத்தாலும் இப்படித்தானா?

இல்லை. அது காந்தம்.

வயிற்றில் குழந்தைக்கு எடுக்கும் ஸ்கேன்?

ஒலி. அதிலும் எக்ஸ்ரே இல்லை.

எக்ஸ்ரே எடுத்தபின் குழந்தையைத் தூக்கலாமா? பால் கொடுக்கலாமா?

தாராளமாக. விளக்கை அணைத்த அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்குமா? அதே மாதிரிதான்.

மதுரை டெக்னீஷியன்: முன்பெல்லாம் கதிரைத் தடுக்க நோயாளிக்கு இடுப்பில் ஈயத் தகடு போடுவோம். இப்போது வேண்டாம் என்கிறார்கள். செலவு மிச்சம் பிடிக்கும் தந்திரம்தானே சார்?

இல்லை தம்பி. 2019ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே வழக்கமாகப் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. உடம்புக்குள்ளேயே சிதறும் கதிரை மேலே வைத்த ஈயம் தடுக்காது. ஈயம் நழுவிப் பார்க்க வேண்டிய இடத்தை மறைத்தால் மறுபடி எடுக்க வேண்டும். தானியங்கிக் கட்டுப்பாடு உள்ள இயந்திரத்தில் சென்சார் மேல் விழுந்தால், வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து அது அளவை ஏற்றிவிடும்.

அதே நண்பர்: பரம்பரைப் பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு?

ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டாகப் பார்த்தும் அது தென்படவில்லை. நம் படத்தின் அளவுக்கு வருமா? நோயாளி கேட்டால், ஈயத்தைப் படத்தை மறைக்காத இடத்தில் போடுங்கள், சண்டை வேண்டாம். நான் சண்டை போடுவது ஒன்றுக்குத்தான்: பீமை, அதாவது கதிர்க் கற்றையை, தேவையான அளவுக்குக் குறுக்குங்கள். எங்கும் ஈயம் தேடுகிறவர்கள் பீமைக் குறுக்கும் கொலிமேட்டரைத் திறந்துபோட்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மதுரை நண்பர்: நோயாளிக்கு நம்பிக்கை வர வேண்டாமா?

நியாயம். 2 நிமிடம் பேசினால் வரும்.

வேறொருவர்: 3 எக்ஸ்ரே எடுத்தேன், ஆபத்தா?

முதல் பதிலைப் படியுங்கள்.

இன்னொருவர்: 4 எக்ஸ்ரே?

அதேதான். பழைய படங்கள் எங்கே?

உடம்பில் ஒன்றும் இல்லை, முழு உடம்பு சிடி பேக்கேஜ் எடுக்கலாமா?

வேண்டாம்.

பயிற்சி மாணவி: எங்களுக்கு என்ன பாதுகாப்பு, சார்?

நல்ல கேள்வி. நேரம், தூரம், தடுப்பு. தூரத்தை இரட்டிப்பாக்கினால் அளவு கால்வாசி. போர்ட்டபிள் இயந்திரத்தை வார்டுக்குக் கொண்டுபோய் எடுக்கும்போது கட்டிலை விட்டு 2 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். குழந்தையைப் பிடிக்கச் சொன்னால் நீங்கள் பிடிக்காதீர்கள். கர்ப்பமில்லாத உறவினர் ஈய ஏப்ரன் போட்டுப் பிடிக்கட்டும், பீமுக்கு வெளியே. உங்கள் மேல் விழும் கதிரைக் கணக்கிடும் டிஎல்டி பேட்ஜை மார்பில், ஏப்ரனுக்கு உள்ளே மாட்டுங்கள். மேசை டிராயரில் கிடந்தால் அது டிராயருக்கு விழுந்ததைத்தான் சொல்லும். உங்கள் வரம்பு 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. அப்புறம், ஏப்ரனை மடித்து நாற்காலியில் போடாதீர்கள். மடித்த இடத்தில் ஈயம் கீறும், வெளியே துணி புதுசு மாதிரியே இருக்கும். ஹேங்கரில் தொங்கவிட்டு, அவ்வப்போது அதையே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.