அல்ட்ராவைடா, சின்ன பட்ஜெட் கேமிங் மானிட்டரா? கேள்வி பதில்

கோவைக்காரன்: அண்ணா, என்னிடம் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. இப்போதே 24 இன்ச் 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் (நொடிக்கு 180 முறை படம் மாறும்) வாங்கட்டுமா, இன்னும் காசு சேர்த்து 34 இன்ச் அல்ட்ராவைடு (சாதாரண 16:9-ஐ விட அகலமான 21:9 திரை) வாங்கட்டுமா?

பதில்: கார்டு எதுவென்று சொல்லிவிட்டுக் கேட்டீர்களே, அதுவே பெரிய உதவி. 24 இன்ச்சின் 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். அல்ட்ராவைடின் 3440×1440 திரையில் 49.5 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டுக்கு 2.4 மடங்கு வேலை. முன்னதில் நொடிக்கு 110 ஃபிரேம் ஓடும் கனமான கேம் பின்னதில் 60 பக்கம் வந்து நிற்கும். 4060-இன் 8 ஜிபி மெமரியும் இடிக்கும்.

தப்பிக்க ஒரு வழி டிஎல்எஸ்எஸ்: சின்ன அளவில் வரைந்து, ஏஐ கொண்டு திரை அளவுக்குப் பெரிதாக்கும் வசதி. குவாலிட்டி மோடில் கேம் உள்ளுக்குள் 2293×960 அளவில்தான் வரையும். அது 22 லட்சம் பிக்சல், கிட்டத்தட்ட பழைய பாரம்தான். டிஎல்எஸ்எஸ் இல்லாத கேமில் செட்டிங்கைக் குறைக்க வேண்டியதுதான். கதை கேம்களும் ஆபீஸ் வேலையும் என்றால் காசு சேருங்கள். ஷூட்டர் மட்டும் என்றால் 24 இன்ச் ஐபிஎஸ் (திரைப் பேனலில் ஒரு வகை) எடுத்து மீதியைக் கார்டுக்கு வையுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம்: 27 இன்ச்சில் 1920×1080. இன்ச்சுக்கு 82 பிக்சல்தான், எழுத்தின் ஓரம் படிக்கட்டு போலத் தெரியும். 24 இன்ச்சில் அதுவே 92. 34 இன்ச் அல்ட்ராவைடில் 110.

ராத்திரி_ரேங்க்: வாலரண்ட்டுக்கு அல்ட்ராவைடு லாபமா?

பதில்: இல்லை. கேம் 16:9 வடிவில்தான் ஓடும், இரண்டு பக்கமும் கருப்புப் பட்டைதான் வரும். எல்டன் ரிங்கும் அப்படியே.

பிஎஸ்5 பையன்: பிஎஸ்5-க்கு?

பதில்: அதே கருப்புப் பட்டை. சாதாரண 16:9 திரை வாங்குங்கள்.

சேலம்_34: 34 இன்ச் 144 ஹெர்ட்ஸ் வாங்கினேன் சார். 100-க்கு மேல் காட்டவில்லை. பீஸ் கெட்டதா?

பதில்: பீஸ் நல்லதாகத்தான் இருக்கும், ஹெச்டிஎம்ஐ-யில் செருகியிருப்பீர்கள். ஹெச்டிஎம்ஐ 2.0 போர்ட்டில் இந்த ரெசல்யூஷனுக்கு 100 ஹெர்ட்ஸ்தான் தேறும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டின் பின்பக்கம் செருகுங்கள். மதர்போர்டு போர்ட்டில் அல்ல. பிறகு விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 144-ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் தானாக மாறாது. 180 ஹெர்ட்ஸ் வாங்கி மாதக்கணக்கில் 60-இல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கருப்புப்பிரியன்: ஐபிஎஸ்-ஐ விட விஏ பேனல்தான் சிறந்தது. 3000:1 கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்). ஐபிஎஸ் 1000:1; இரவில் கருப்பெல்லாம் சாம்பல்.

ஐபிஎஸ்_கட்சி: விஏ-வில் இருட்டுக் குகைக்குள் கேமராவைத் திருப்பிப் பாருங்கள், உருவத்துக்குப் பின்னால் மை இழுத்தது போல வால் வரும்!

கருப்புப்பிரியன்: அது மலிவு விஏ. சாம்சங் ஒடிஸி ஜி7-இல் காட்டுங்கள் பார்ப்போம்.

பதில்: இருவர் சொல்வதும் சரி, விலைதான் வேறு. விஏ பிக்சல் கருப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவதில் மட்டும் மந்தம். 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 6.9 மில்லிசெகண்ட்தான், அதற்குள் மாறி முடிக்காததே அந்த வால். ஜி7 வேகமான விதிவிலக்கு. பட்ஜெட் அல்ட்ராவைடுகளில் பெரும்பாலும் வருவது மந்தமான விஏ. கடையிலேயே சோதிக்கலாம்: கருப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்துள்ள பக்கத்தை வேகமாக ஸ்க்ரோல் செய்யுங்கள். எழுத்து ஊதாவாகக் கரைந்தால் அந்தப் பேனல் உங்களுக்கு வேண்டாம். ஓவர்டிரைவை (பிக்சல் மாறும் வேகத்தைக் கூட்டும் மானிட்டர் செட்டிங்) உச்சத்தில் வைத்தால் வால் போய் வெளிறிய நிழல் வரும். நடு அளவில் நிறுத்துங்கள்.

ஐபிஎஸ்_கட்சி: அப்போ ஓஎல்இடி?

பதில்: கருப்பும் உண்டு, வேகமும் உண்டு. ஆனால் நாள் முழுக்க எக்ஸெல் திறந்திருந்தால் டாஸ்க்பார் தடம் பதியும் ஆபத்து உண்டு. டாஸ்க்பாரை மறைத்து வையுங்கள். ஓஎல்இடியில் ஒரு வகையான க்யூடி-ஓஎல்இடியில் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடு தெரியும். புரோகிராம் எழுதுபவர்கள் நேரில் பார்த்துவிட்டு வாங்கட்டும். பேனல் சண்டையை இத்துடன் விடுங்கள்.

மதுரை_மச்சான்: அட்டையில் 1 எம்எஸ் (மில்லிசெகண்ட்) என்று வேகம் போட்டிருக்கிறதே?

பதில்: எம்பிஆர்டி என்று பக்கத்தில் பொடியாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பேக்லைட்டை அணைத்து அணைத்து எரியவிட்டு எடுத்த கணக்கு. பிக்சலின் வேகம் அல்ல. ஹெச்டிஆர்400 (வெளிச்ச வீச்சுக்கான அடிப்படைத் தரச்சான்று) ஸ்டிக்கருக்கும் தனியாகக் காசு தராதீர்கள்.

புதுசு2: பட்ஜெட் 15 ஆயிரம். பெஸ்ட் மானிட்டர் எது சார்?

பதில்: கார்டு என்ன?

திருச்சி_டிசைனர்: வளைந்த திரையில் ஆட்டோகேட் கோடு வளையுமா?

பதில்: 1800ஆர் என்றால் 1.8 மீட்டர் ஆரம். இரண்டு நாளில் கண் பழகிவிடும். அதைவிட அதிகம் வளையும் 1000ஆர் வேண்டாம். மேசையின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள்: திரை அகலம் 31 இன்ச்சுக்கு மேல், கண்ணுக்கும் அதற்கும் 70 சென்டிமீட்டராவது வேண்டும். உயரம் 27 இன்ச் மானிட்டர் அளவுதான்.

புதுசு3: சார், 20 ஆயிரத்துக்குள் பெஸ்ட் எது?

பதில்: கார்டு?

புதுசு2: ஜிடிஎக்ஸ் 1650 சார்.

பதில்: 24 இன்ச், 1080, ஐபிஎஸ். மீதிக் காசைக் கார்டுக்கு எடுத்து வையுங்கள்.

புதுசு2: ஹெச்டிஎம்ஐ கேபிள் போதுமா சார்?

பதில்: அந்த 100 ஹெர்ட்ஸ் வரம்பு அல்ட்ராவைடுக்குத்தான், 1080-க்கு ஹெச்டிஎம்ஐ 2.0 போதும். செட்டிங்ஸில் ஹெர்ட்ஸை மாற்ற, சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.