கரண்ட் போனால் லினக்ஸ் கணினியில் இருக்கும் கணக்கு அழிந்துவிடுமா?

ஏற்காட்டில் விடுதி நடத்துகிறீர்கள், மழைக்காலத்தில் கரண்ட் போய் உபுண்டு கணினி பட்டென்று அணைகிறது, முன்பதிவுக் கணக்கு என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கடைசியாக எழுதியது மட்டும் போகலாம்.

லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு, டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்க வழக்கமாகப் பயன்படுத்தும் முறை (ஃபைல் சிஸ்டம்) எக்ஸ்ட்4. ஃபைலின் அளவு, உரிமை, தரவு டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்ற விவரமெல்லாம் ஐநோடு என்ற தனிப் பதிவில் இருக்கும். பெயர் மட்டும் டைரக்டரியில். இந்த விவரங்களை மாற்றும் முன் எக்ஸ்ட்4 அந்த மாற்றத்தை ஜர்னல் என்ற தனி இடத்தில் எழுதிக்கொள்ளும், பேரேட்டில் ஏற்றும் முன் கடைக்காரர் குறிப்பேட்டில் எழுதுவதுபோல. பாதியில் அணைந்தால், அடுத்த முறை கணினி டிஸ்க்கைத் திறக்கும்போது (மவுன்ட்) முழுதாகப் பதிந்ததை நிறைவேற்றும், அரைகுறையைத் தள்ளிவிடும்.

ஆனால் இயல்பான அமைப்பில் ஜர்னலுக்குப் போவது விவரங்கள்தான், உங்கள் தரவு அல்ல. அது அரை நிமிடம்வரைகூட ரேமில் காத்திருக்கலாம். அப்போது கரண்ட் போனால் போனதுதான். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் போல, எஃப்சிங்க் என்ற கட்டளையை அழைத்துத் தரவை உடனே டிஸ்க்கில் எழுதவைக்கும் மென்பொருள் என்றால் பயம் குறைவு.

முதலில் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். அப்புறம், டிஸ்க்கே பழுதானால் ஜர்னல் உதவாது. சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.