எடை போனாலும் நிறை போகாது

கேள்வி: விண்வெளி நிலையத்தில் எல்லாம் எடையற்று மிதக்கும்போது, 100 கிலோகிராம் பெட்டி ஒன்றை அங்கே ஒரு விரலால் தூக்கி எறிந்துவிடலாமா?

பதில்: மெல்ல நகர்த்தலாம், எறிய முடியாது. எடையையும் (ஒரு பொருள் தன்னைத் தாங்குவதன் மீது அழுத்தும் விசை) நிறையையும் (அதில் அடங்கிய பருப்பொருளின் அளவு) ஒன்றாகக் கருதுவதால் வரும் குழப்பம் இது. பேச்சில் இரண்டையும் கிலோவில் சொல்லும் நம் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. மிதக்கும் பெட்டியைத் தாங்கிப் பிடிக்கத் தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் தன் இயக்கநிலை மாறுவதை எதிர்க்கும் பண்பாகிய நிலைமம், நிறையைப் பொறுத்தது என்பதால், அங்கும் சிறிதும் குறையாமல் இருக்கிறது.

1687இல் நியூட்டன் வெளியிட்ட இயக்க விதிகளின்படி, முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) என்பது விசையை நிறையால் வகுத்துக் கிடைப்பது. அந்தப் பெட்டியை 50 நியூட்டன் (அவர் பெயரால் வழங்கும் விசையின் அலகு) விசையால் 2 விநாடி தள்ளினால், அது விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தை அடையும். தள்ளியவரும், எதையும் பற்றிக்கொள்ளாவிட்டால், பின்னோக்கி மிதந்து செல்வார். உண்மையான ஆபத்து நிறுத்தும்போதுதான்: அதே பெட்டி சுவரில் மோதி 0.1 விநாடியில் நின்றால், இடையில் சிக்கிய கையின் மீது சராசரியாக 1000 நியூட்டன் விசை அழுத்தும்.

அங்கே வீரர்களின் நிறையை அளக்கவும் நிலைமமே உதவுகிறது. சுருள்வில் கொண்ட கருவி அளவு தெரிந்த விசையால் வீரரை இழுக்க, அவர் பெறும் முடுக்கத்திலிருந்து நிறை கணக்கிடப்படுகிறது.